பிடில் வந்த வழி

திருச்சூர், அங்கமாலி, ஆலுவா வழியாக வரும் பெருஞ்சாலையும், வடக்குப் பறவூரைக் கடந்து வரும் கடற்கரைப் பெருஞ்சாலையும் வந்து கூடுமிடம் நம் இடப்பள்ளி. திருமண மாதங்களில் இரவு பத்து மணிக்குமேல் அச்சந்தியில் சற்று நின்று நோக்குவார்க்கு ஒரு காட்சி புலனாகும். பந்தற் சாமான் ஏற்றிய லாரிகளும், சமையற்காரரின் அண்டாக்களை அடுக்கிய வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். அவற்றினிடையே சிறியதொரு கார் செல்லும். அதன் பின்னிருக்கையில் கருநிறப் பெட்டி ஒன்று, உறங்கும் குழந்தையைக் கிடத்தினாற்போலக் கிடத்தப்பட்டிருக்கும். பெட்டியினுள் இருப்பது மின்வயலின். காரை ஓட்டிச் செல்பவர் சற்று முன்னர்தான் ஒரு மண்டபத்தில் வாசித்து முடித்தவர். விடிந்தால் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு மண்டபத்தில் வாசிக்க வேண்டியவர்.

ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கச் செயலாளர் பணித்தபோது, முசிறித் துறைமுகத்தைப் பற்றியோ, சேரன் செங்குட்டுவனைப் பற்றியோ எழுதித் தரலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். கொச்சித் தமிழர் வெளியிடும் மலரில் முசிறி இடம்பெறாவிடில் அது மலரே அன்று என்பாரும் உளர். ஆயினும், அண்மையில் நம் அன்பர் ஒருவர் இல்லத் திருமண வரவேற்பில் யான் கண்டதொரு நிகழ்ச்சி, முசிறியை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கும்படி செய்துவிட்டது.

மலையாளிகள் 'ஆடிட்டோரியம்' என வழங்கும் பெரிய மண்டபம் அது. ஆயிரம் பேர் அமர்ந்து உண்ணக்கூடியது. இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத இளைஞர் ஒருவர், நின்றபடியே மின்வயலினை வாசித்துக்கொண்டு மேசைகளுக்கிடையே நடந்து வந்தார். அக்கருவிக்கு வயிறு இல்லை; எலும்புக்கூடு போன்ற வடிவம். கம்பியின்றியே ஒலி மேடைப் பெட்டிகளுக்குச் சென்றது. தமிழ்ப் படப் பாடல் ஒன்று, மலையாளப் படப் பாடல் ஒன்று, இந்திப் பாடல் ஒன்று எனக் கேட்டவர்க்குக் கேட்டபடி வாசித்தார். சிறுவர் அவர் பின்னால் ஊர்வலமாகச் சென்றனர். அவ்வேளையில், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் அவரைக் கைகாட்டி அழைத்து, "தம்பி, காம்போதி வருமா?" என்று கேட்டார். இளைஞர் ஒரு கணம் தயங்கினார். பின்னர் மேடையை நோக்கிக் கையசைத்துப் பின்னணித் தாளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, அம்முதியவரின் நாற்காலியருகே நின்று, ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் காம்போதியை ஆலாபனை செய்தார். மண்டபத்தில் தட்டுகளின் ஓசை ஓயவில்லை. கேட்டவர் நாங்கள் ஐந்தாறு பேரே. முதியவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு யான் அவ்விளைஞருடன் உரையாடினேன். தமிழ்க் குடும்பத்தவர், பாட்டனார் காலத்தில் கணவாய் கடந்து வந்தவர்கள். இக்கருவி இந்நாட்டிற்கு எவ்வாறு வந்தது என்று அறிவீரா எனக் கேட்டேன். வெள்ளையர் கொண்டுவந்தது என்பது மட்டும் தெரியும் என்றார். வடிவேலு என்னும் பெயரை அவர் கேள்வியுற்றதில்லை. மேற்கொண்டு பேச நேரமின்றி அவர் விடைபெற்றார். அவரிடம் சொல்லாது விட்டதையே ஈண்டு எழுதுகின்றேன்.

வெள்ளையர் கொண்டுவந்தது என்பது உண்மையே. ஆயின், வந்ததும் நம்முடையதானதும் ஒன்றல்ல. கீழைக் கரையில் ஆங்கிலேயர் கோட்டையில் பட்டாளத்து வாத்தியக்காரர் வாசித்துவந்த கருவியை முதன்முதலில் நம் இசைக்குப் பழக்கியவர் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் இவர். சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியில், முதலியார் குடும்பத்துப் புரவலரின் ஆதரவில் இவர்கள் வாழ்ந்த காலத்தில், ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரிடம் சுமார் மூன்றாண்டுகள் பாலுசுவாமி இக்கருவியைக் கற்றார் என்பர். பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்துவானாக அமர்ந்தார்.

அவர் செய்த மாற்றம் சிறிதெனத் தோன்றும். ஆயின் அதுவே அனைத்தும். ஐரோப்பியர் நின்றுகொண்டு, கருவியைத் தாடைக்கும் தோளுக்குமிடையே இறுக்கிப் பிடித்து வாசிப்பர். நம்மவர் தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியை வலக்காலின் கணுக்கால்மேல் ஊன்றி வாசிக்கலாயினர். இதனால் இடக்கைக்குக் கருவியைத் தாங்கும் பொறுப்பு இல்லாதொழிந்தது. விரல்கள் தந்தியின்மேல் மேலும் கீழும் வழுக்கிச் செல்லும் உரிமையைப் பெற்றன. கமகம் என்பது அவ்வழுக்கலே அன்றோ? வீணையில் தந்தியை மீட்டிய மறுகணமே ஒலி தேயத் தொடங்குகின்றது. வில்லோ, மூச்சுப்போல நாதத்தை நீட்டிக்கொண்டே செல்லும். மெட்டுகள் இல்லாமையால் எந்த நுண்சுரத்திலும் நிற்கலாம். பாடுவார் குரலோடு நிழலாய்ச் செல்ல இதைவிட ஏற்ற துணை வேறில்லை என்பதை நம் முன்னோர் ஒரு தலைமுறைக்குள் கண்டுகொண்டனர்.

இனி, நமக்கு நெருங்கிய செய்திக்கு வருவோம். தஞ்சை நால்வர் எனப் போற்றப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தார் நால்வரும் முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கர். நாட்டிய ஆசான்மார் மரபில் வந்தவர்கள். தஞ்சையை விட்டுத் திருவனந்தபுரம் சென்று, சுவாதித் திருநாள் மன்னரின் (1813–1846) அவையை அடைந்தனர். இவர்களுள் இளையவரான வடிவேலு பிடிலில் வல்லவர். அவரது வாசிப்பில் உள்ளம் பறிகொடுத்த மன்னர், 1834-ஆம் ஆண்டில் தந்தத்தாற் செய்த பிடில் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். மலையாள நாட்டின் மோகினியாட்டத்தைச் செம்மை செய்ததிலும் வடிவேலுவுக்குப் பங்குண்டு.

அன்பர்களே, இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஐரோப்பாவில் பிறந்து, கப்பலேறி, சென்னைக்கு வடக்கே ஒரு சிற்றூரில் தமிழ் கற்றுக்கொண்ட கருவி, தஞ்சையிலிருந்து பிழைப்பை நாடி வந்த ஒரு தமிழரின் கையில் மலையாள மன்னரின் அவைக்கு வந்து சேர்ந்தது. கருவியும் குடிபெயர்ந்தது, வாசித்தவரும் குடிபெயர்ந்தவர். ஊரைவிட்டு ஊர்வந்து வாழும் நம்மனோர்க்கு இவ்வரலாறு புறத்தே கிடக்கும் செய்தியன்று. (மலையாளக் கரையின் கிறித்தவக் கோவில்களில் பாடற்குழுவினர் ஆர்மோனியத்தோடு பிடிலையும் வாசித்து வந்த மரபு ஒன்று உண்டு. அதனை விரித்தெழுத வேறொருவர் வேண்டும்.)

அரசவைக் கலைஞன் ஒருமுறைதான் பயணம் செய்வான். ஊரைவிட்டுப் புறப்பட்டு அவையை அடைந்துவிட்டால், பின்னர் மன்னன் இருக்குமளவும் படியளப்பு உண்டு. அவைகள் தளர்ந்து, சபைகளும் இருப்புப்பாதையும் தோன்றியபோதுதான் ஊரூராய்ச் செல்லும் கச்சேரி வாழ்க்கை தோன்றியது. சென்னை மியூசிக் அகாதெமி 1928-இல் நிறுவப்பட்டது. அக்காலத்து வித்துவான்கள் இரவு இரயிலில் ஏறி, காலையில் இறங்கி, மாலையில் கச்சேரி செய்து, மீண்டும் இரயிலேறினர். நம்மூருக்கு மிக அண்மையில் உள்ள திருப்பூணித்துறையில் 1928-இல் பிறந்த டி. என். கிருஷ்ணன், தந்தையார் நாராயண ஐயரிடம் பயின்று, சிறுவராயிருந்தபோதே, 1939-ஆம் ஆண்டு, திருவனந்தபுரத்தில் தனிக்கச்சேரி செய்தார். பின்னர் சென்னை சென்று பெரும்புகழ் எய்தி, 1980-இல் சங்கீத கலாநிதிப் பட்டமும் பெற்று, 2020 நவம்பர் 2-இல் மறைந்தார். வடிவேலு கிழக்கிலிருந்து மேற்கே வந்தார். கிருஷ்ணன் மேற்கிலிருந்து கிழக்கே சென்றார். கணவாய் இருபுறமும் திறந்தே கிடந்தது.

சபைகளும் திருவிழாப் பந்தல்களும் பெருகியபோது, பிடிலுக்கு ஓர் இடர் வந்துற்றது. அவைக்கூடத்தில் முப்பது பேருக்குப் போதிய ஒலி, பந்தலில் மூவாயிரம் பேருக்குப் போதவில்லை. இந்த இடரை மைசூர் டி. சௌடையா (1895–1967) எதிர்கொண்ட விதம் வியப்புக்குரியது. தம் வாசிப்பு கடைசி வரிசையில் இருப்பாரை எட்டவில்லை என்பதை அறிந்த அவர், நான்கு தந்திகளோடு மேலும் மூன்றைச் சேர்த்து, ஏழு தந்திப் பிடிலை அமைத்துக்கொண்டார். இரண்டு தந்திகள் சேர்ந்து ஒலிக்கும்போது நாதம் திரண்டு எழும். செம்பை வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரலுக்கு ஈடுகொடுக்க அவரது ஏழு தந்திகள் பெரிதும் உதவின. தந்தி மிகுந்தால் தவறும் மிகும்; ஒரே விரலால் இரண்டு தந்திகளையும் அணுவளவும் பிசகாமல் ஒருங்கே அழுத்த வேண்டும். சௌடையா அதனைச் சாதித்தார். பிறர் பெரும்பாலும் அதனைப் பின்பற்றவில்லை. ஏனெனில், 1930களில் ஒலிபெருக்கி வந்துவிட்டது.

'ஓசை போதவில்லை' என்னும் இந்த ஒரு குறையே மின்வயலினைப் பெற்ற தாய் என்பது என் கருத்து. ஆடம்பரத்திற்காக வந்த கருவி அது எனப் பழிப்பார், சௌடையாவின் ஏழு தந்திகளை நினைவிற்கொள்வாராக.

ஒலிபெருக்கி வந்தும் இடர் முற்றும் நீங்கவில்லை. மரப் பிடிலின் தந்தி அதிர, அதன்மேல் நிற்கும் குதிரை அவ்வதிர்வை மேற்பலகைக்குக் கடத்த, உள்ளே நிற்கும் சிறு மரத்தூண் அதனைப் பின்பலகைக்கும் கொண்டுசெல்ல, உள்ளிருக்கும் காற்று அதிர்ந்து ஒலி பிறக்கின்றது. அவ்வொலியை மைக் பற்றிப் பெருக்கும். ஆயின், தவிலும் செண்டையும் முழங்கும் மேடையில் மைக் அவற்றையும் சேர்த்துப் பற்றும். ஒலியை மேலும் கூட்டினால், பெருக்கிய ஒலி மீண்டும் கருவியின் வயிற்றுட் புகுந்து, மைக்கில் ஏறி, ஊளையிடத் தொடங்கும். திருவிழாப் பந்தலில் இந்த ஊளையைக் கேளாதார் நம்மில் யாருமிலர்.

இதற்குரிய மருந்தை மேனாட்டார் கண்டனர். சில பளிங்குகளை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதைப் பிரெஞ்சு நாட்டுக் கியூரி உடன்பிறந்தார் 1880-இல் கண்டறிந்தனர். அத்தகைய பொருளொன்றைப் பிடிலின் குதிரைக்கடியில் வைத்தால், தந்தியின் அதிர்வு நேரே மின்னலையாக மாறும். காற்று வேண்டுவதில்லை, வயிறு வேண்டுவதில்லை, ஆகவே ஊளையும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டஃப் ஸ்மித் என்னும் கறுப்பினக் கலைஞர் 1930களிலேயே தம் பிடிலை மின்சாரத்தால் பெருக்கி ஜாஸ் குழுவின் பேரொலிக்கு நடுவே வாசித்துக் காட்டினார். பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரரான ழான்-லுக் போன்டி அதனை உலகப் புகழ் பெறச் செய்தார். 1997-இல் யமஹா நிறுவனம் 'ஓசையிலா வயலின்' என்று ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. காதணியில் மட்டும் கேட்டுப் பயிலலாம். அண்டை வீட்டார் அறியார். அண்டை வீட்டாரின் பொறுமையைச் சோதித்தே பிடில் கற்றவர்கள் இதன் அருமையை உணர்வர்.

தமிழர் கையில் இம்மின்கருவி புகுந்த வரலாற்றிலும் குடிபெயர்ச்சி ஒன்று நிற்கின்றது. அது துயரம் மிக்கது. வி. லட்சுமிநாராயணா என்னும் பிடில் வித்துவான் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து வாழ்ந்து வந்தார். 1958-ஆம் ஆண்டு இலங்கையில் தமிழர்க்கு எதிராக மூண்ட கலவரத்தை அடுத்து, அக்குடும்பம் அனைத்தையும் விட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. அவருடைய மக்களே எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகிய மூவர். இவர்களுள் இளையவரான சங்கர் 1980-இல் இரட்டை வயலின் ஒன்றை வடிவமைத்துச் செய்வித்தார். இரண்டு கழுத்துகள், பத்துத் தந்திகள், மின்சாரத்தால் இயங்குவது. பிடிலின் உச்சக் குரல் முதல், நின்று வாசிக்கும் பெரும் பேஸ் கருவியின் அடிக்குரல் வரை ஒருவர் கையில் அடங்கும். ஊரிழந்து வந்த குடும்பத்தின் கடைக்குட்டி, ஒரு வாத்தியக் குழுவையே தோளில் சுமந்து உலகம் சுற்றினார்.

தமிழகத்திலோ, குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008) வேறொரு வழியைத் திறந்தார். சபையின் படிகளை மட்டும் நம்பியிராமல், கோவில் திருவிழாவின் திறந்த வெளி மேடைகளில், வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு தம் வயலினை முழங்கச் செய்தார். படப் பாடல்களையும் வாசித்தார்; குயிலாகவும் வண்டாகவும் கருவியைப் பேசவைத்தார். பண்டிதர்கள் முகஞ்சுளித்தனர். மணலில் அமர்ந்திருந்த மக்கள் விடியுமளவும் எழவில்லை. இன்று மண்டபத்தில் படப் பாடல் வாசிக்கும் இளைஞருக்கு, அவர் அறியாவிடினும், குன்னக்குடியாரே பெரியப்பா முறை ஆவர். மின் மாண்டலினைக் கைக்கொண்டு சிறு பிராயத்திலேயே கர்நாடக இசை மேடையை வென்ற யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014), மின்சாரம் கலந்தால் இராகம் கெடும் என்ற அச்சத்தைப் போக்கினார்.

இவ்வழிகளெல்லாம் வந்து கூடிய ஒருவர், மலையாள நாட்டில் பாலபாஸ்கர். 1978 ஜூலை 10 அன்று திருவனந்தபுரத்தில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் பாஸ்கரப் பணிக்கர் நாகசுரக் கலைஞர், தாய்மாமன் பி. சசிகுமார் பெயர்பெற்ற வயலின் வித்துவான். மாமனிடம் மூன்று வயது முதற்கொண்டு முறையாகக் கர்நாடக இசை பயின்ற அச்சிறுவர், கல்லூரிப் பருவத்திலேயே தோழர்களுடன் இசைக்குழு அமைத்து, மின்வயலினைக் கையிலேந்தி மேடையில் நின்றார். பதின்பருவத்திலேயே 'மாங்கல்ய பல்லக்கு' என்னும் மலையாளப் படத்திற்கு இசையமைக்கும் வாய்ப்பும் பெற்றார். 2008-ஆம் ஆண்டுக்கான பிஸ்மில்லாகான் இளைஞர் விருதைச் சங்கீத நாடக அகாதெமி அவருக்கு அளித்தது. இவ்விருது கூட்டத்தைக் கண்டு தருவதன்று. அவரது அடிப்படைப் பயிற்சிக்குச் சான்று.

ஈண்டு ஒன்று கூறத் தோன்றுகின்றது. பாட்டனார் வாசித்தது நாகசுரம். அக்கருவிக்கு மின்சாரம் வேண்டா, மைக் வேண்டா. கோவில் வாயிலில் எடுத்து ஊதினால் நாலு தெரு கேட்கும். மங்கல வாழ்க்கையின் ஒவ்வொரு படியிலும் அதற்கென ஓர் இடம் வகுக்கப்பட்டிருந்தது. தாலி கட்டும் கணத்தில் அது முழங்காவிடில் திருமணம் நிறைவுறாது. பேரர் கையிலிருந்ததோ வீட்டுக்குள் அடங்கி ஒலிக்கப் பிறந்த கருவி. மின்சாரத்தின் துணைகொண்டே அது நாகசுரத்தின் திறந்த வெளியைப் பிடித்தது. ஒலி வந்துவிட்டது. வகுக்கப்பட்ட இடம் வந்ததா என்பதுதான் கேள்வி. கெட்டிமேளத்தின்போது பேச்சு நிற்கும். வரவேற்பில் வயலின் வாசிக்கும்போது பேச்சு நிற்பதில்லை.

இத்தொழிலின் அன்றாட நிலையை அறியாதார் பலர். அதனைச் சிறிது விரித்துரைப்பேன். பெட்டிக்குள் கருவி மட்டும் இராது. மாற்றுத் தந்திகள், வில்லின் குதிரைமயிருக்குப் பூசும் குங்கிலியக் கட்டி, ஒன்பது வோல்ட் மின்கலங்கள், கம்பிச் சுருள், கம்பியில்லாமல் ஒலியனுப்பும் சிறு பெட்டி, பின்னணி இசையைச் சேமித்த கணிப்பொறி ஆகிய அனைத்தும் இருக்கும். மின்கலம் நடுப்பாட்டில் தீர்ந்தால் கருவி ஊமை. மர வயலினுக்கு இந்த ஏழ்மை இல்லை. வெளியே மழைக்காலத்து ஈரம், உள்ளே குளிர்சாதனம். வாயிலைக் கடந்து உள்ளே செல்வதற்குள் தந்தியின் சுருதி மாறிவிடும். சபைக் கச்சேரியில் பாடகரின் சுருதிக்குத் தம்புரா இசையும்; இங்கோ, பதிவு செய்த பின்னணி எந்தச் சுருதியில் இருக்கின்றதோ அதற்கு வாசிப்பவர் இசைய வேண்டும். பாட்டுக்குப் பாட்டு அது மாறும். பதிவு யாருக்காகவும் காத்திராது. ஒரு சங்கதியை இன்னும் இருமுறை சுழற்றலாம் என உள்ளம் விழைந்தாலும், பதிவு அடுத்த சரணத்திற்குச் சென்றுவிடும்.

நின்று வாசிப்பதால் வரும் இடர் இன்னும் நுண்ணியது. பாலுசுவாமியார் தரையில் அமர்ந்து இடக்கைக்கு விடுதலை வாங்கித் தந்தாரே, அவ்விடுதலை நின்றவுடன் பறிபோகின்றது. கருவியைத் தாடையாலும் தோளாலும் தாங்கிக்கொண்டு, நடந்துகொண்டு, புன்னகைத்துக்கொண்டு, கமகமும் வழுவாமல் வாசிக்க வேண்டும். இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். கழுத்திலும் தோளிலும் நோவுறாத மின்வயலின்காரர் அரியர்.

வருவாயோ மாதங்களைப் பொறுத்தது. ஆவணியில், மலையாளிகளின் சிங்க மாதத்தில், ஒரே நாளில் இரண்டு மூன்று அழைப்புகள் வரும். அதற்கு முந்தைய கர்க்கடகத்தில் இந்துக்கள் திருமணம் செய்யார்; கிறித்தவரின் தவக்காலத்தும், இசுலாமியரின் நோன்பு மாதத்தும் அவ்வாறே. பெருமழையோ திருவிழா மேடைகளை மூடிவிடும். முன்பணம் பெறாமல் வருவது தவறு எனப் பெரியோர் அறிவுறுத்துவர். ஆயின் முன்பணம் கேட்டால் அழைப்பு வேறொருவருக்குப் போய்விடுமோ என இளைஞர் அஞ்சுவர். இதற்கெனச் சங்கமோ ஓய்வூதியமோ உண்டா என அவ்விளைஞரைக் கேட்டேன். சிரித்தாரேயன்றி விடை கூறவில்லை.

2018-ஆம் ஆண்டு மலையாள நாட்டுக் கலைஞர்க்குக் கொடிய ஆண்டு. ஆகஸ்டில் பெரியாறு கரை புரண்டது. ஆலுவா நீரில் மூழ்கியது. நெடும்பாசேரி விமான நிலையம் இரு வாரங்கள் மூடிக் கிடந்தது. ஆகஸ்ட் 25 அன்று திருவோணம். அரசு விழாக்கள் கைவிடப்பட்டன. பிற மேடைகளும் ஒவ்வொன்றாக நின்றன. ஓணத்தை நம்பியே ஆண்டுக் கணக்கை எழுதும் பாடகரும் வாத்தியக்காரரும் மைக்செட்டுக்காரரும் வெறுங்கையராயினர். ஊரே துயருற்றிருக்கும்போது தம் துயரை உரைத்தல் நாகரிகமன்று என்று பலர் வாளாவிருந்தனர்.

சரியாக ஒரு திங்கள் கழித்து, செப்டம்பர் 25 விடியற்காலையில், குடும்பத்துடன் திருச்சூரிலிருந்து திருவனந்தபுரம் திரும்பிக்கொண்டிருந்த பாலபாஸ்கரின் கார், பள்ளிப்புறம் என்னுமிடத்தில் சாலையோர மரத்தில் மோதியது. இரண்டு வயதே நிரம்பிய பெண்குழந்தை மாண்டது. ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்த பாலபாஸ்கர், அக்டோபர் 2 அன்று காலமானார். வயது நாற்பது. அன்று அவர் கச்சேரிக்குச் சென்று வந்தவரல்லர்; வழிபாட்டிற்குச் சென்று திரும்பியவர். எனினும் அச்செய்தியைக் கேட்ட இசைக்கலைஞர் ஒவ்வொருவர் இல்லத்திலும், இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் பெருஞ்சாலையில் வரும் தம் மகனையோ கணவனையோ நினைந்து கலங்காதார் இலர். நிகழ்ச்சி முடியப் பதினொரு மணி, கருவிகளைக் கட்ட ஒரு மணி நேரம், அதன்பிறகே பயணம். அறை எடுத்துத் தங்கினால் அன்றைய ஊதியத்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே வண்டி ஓட்டுகின்றனர். அழைப்பவர்கள் உணவுக்கும் பூவுக்கும் அளிக்கும் கவனத்தில் சிறிதை, வாசித்தவர் இரவில் எங்கே உறங்குவார் என்பதற்கும் அளிக்கலாகாதா? இதனை நம் சங்கத்துத் திருமண வீட்டார்க்கே முதலில் கூறுகின்றேன். யானும் என் மகள் திருமணத்தில் அதனைக் கேட்டேனல்லேன்.

2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. திருமணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடலாகாது என்றாயிற்று. ஐம்பது பேர் கூடும் இல்லத்தில் மின்வயலினுக்கு வேலையில்லை. சிலர் தம் வீட்டு அறையிலிருந்தே வாசித்துக் கைபேசியில் உலகுக்கு அனுப்பினர். சிலர் பிள்ளைகளுக்குக் கணிப்பொறி வழியே கற்பித்தனர். கருவியை விற்றவரும் உண்டு. மண்டபங்கள் மீண்டும் திறந்தபோது, பழைய கூட்டத்தினின்றும் சிலர் திரும்பி வரவேயில்லை.

நம் இடப்பள்ளி பாட்டுக்கும் கவிதைக்கும் புதிய ஊரன்று. கவிஞர் சங்ஙம்புழை கிருஷ்ணபிள்ளை (1911–1948) பிறந்த மண் இது. அவர் பெயரால் அமைந்த பூங்காவில் மாலைதோறும் மக்கள் கூடுவர். இசையும் நாடகமும் அங்கு நிகழும். அருகிலுள்ள மெட்ரோ நிலையமும் அப்பூங்காவின் பெயரையே தாங்கி நிற்கின்றது. காம்போதி வாசித்த இளைஞரை அங்கே அழைத்து, பின்னணிப் பதிவு ஏதுமின்றி, ஒரு மிருதங்கத்தோடு, தரையில் அமர்ந்தோ நின்றோ அவர் விருப்பப்படி ஒன்றரை மணி நேரம் வாசிக்கச் செய்ய வேண்டும் என்பது என் அவா. செயலாளரிடம் கூறியுள்ளேன். நிதி நிலையைப் பார்க்கலாம் என்றார்.

அன்றிரவு அவ்விளைஞர் விடைபெறும்போது மணி பதினொன்றே கால். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பாலைக்காட்டில் ஒரு முகூர்த்தம் என்றார். உணவருந்தினீரா எனக் கேட்டேன். பொட்டலமாகக் கட்டித் தந்துள்ளனர், வழியில் பார்த்துக்கொள்வேன் என்றார். கருவியைத் துணியால் துடைத்தார். வில்லின் மயிரைத் தளர்த்தினார். மின்கலத்தைக் கழற்றித் தனியே வைத்தார். பெட்டியைப் பின்னிருக்கையில் கிடத்தி, அது உருண்டுவிடாமல் இருக்கைப் பட்டையை அதன் குறுக்கே மாட்டினார். கும்பகோணத்து முதியவர் வாயில்வரை வந்து, அவர் கையில் நூறு ரூபாய்த் தாள் ஒன்றை வைத்து அழுத்தி, "காம்போதிக்கு" என்றார். கார் அங்கமாலிச் சாலையில் திரும்பியது.